பூக்குழி ஊதாவாகத் தெரிகிறதே! வீடியோ கேமரா கேள்வி பதில்

கேள்வி: தைப்பூசக் காவடியன்று கோவில் மண்டபத்துக்குள் மிரர்லெஸ் கேமராவில் 4கே வீடியோ எடுத்தேன். குறுக்குவாக்கில் கறுப்புப் பட்டைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வெளியே வெயிலில் எடுத்ததில் ஒன்றும் இல்லை. நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/60. கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டுமா? (வாசகர், ரோஸ் ஹில்)

பதில்: வேண்டாம், கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. வெயிலில் இல்லை, விளக்கடியில் மட்டும் வருகிறது என்று நீங்களே எழுதியதில் விடை இருக்கிறது. மொரீஷியஸ் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் குழல் விளக்கும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரோ ஒரு ஃபிரேமை மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை வரிசையாகப் படிக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் 1/60 நொடியில் விளக்கின் துடிப்பு ஒன்று முழுதாகவும் இன்னொன்று அரைகுறையாகவும் அடங்கும். அதனால் சில வரிகளுக்கு ஒளி கூடுதலாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. 1/50 வைத்தால் சரியாக இரண்டு துடிப்பு, 1/100 வைத்தால் ஒன்று. எல்லா வரிக்கும் ஒரே அளவு ஒளி கிடைத்து, பட்டை மறைந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த கேமரா என்.டி.எஸ்.சி. என்ற, நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கிலான வீடியோ முறையில் இருக்கும். மெனுவில் அதை நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கிலான பி.ஏ.எல். (PAL) முறைக்கு மாற்றி, 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். மாற்றும்போது சில மாடல்கள் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். எனவே பழைய பதிவுகளை முதலில் வேறிடத்தில் ஏற்றிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பட்டை போகாவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கோவில் முற்றத்து ஜெனரேட்டர். சுமை குறைவாக இருக்கும்போது சிறிய ஜெனரேட்டர் 52 ஹெர்ட்ஸ் வரைகூட ஓடும். அப்போது ஷட்டரை 1/52 பக்கம் நுணுக்கமாக நகர்த்த வேண்டும். சோனியில் வேரியபிள் ஷட்டர், பானாசோனிக்கில் சிங்க்ரோ ஸ்கேன் என்ற பெயரில் இந்த வசதி சில மாடல்களில் உண்டு. இன்னொன்று, வேகமாகத் துடிக்கும் அலங்கார எல்.இ.டி.யின் கீழ் ஷட்டரை மேலும் ஏற்றிவைப்பது. அந்த விளக்கின் வேகத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். பழைய சோக் உள்ள குழல் விளக்கின் கீழ் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, ஷட்டர் 1/1000 வைத்து எடுத்து, பட்டைகளை எண்ணுங்கள். அது 100 ஹெர்ட்ஸுக்கான எண்ணிக்கை. அதே ரெக்கார்டிங் அமைப்பில் அலங்கார விளக்கின் கீழும் எடுங்கள். முன்பு 2 பட்டை, இப்போது 12 என்றால் அந்த விளக்கு 600 ஹெர்ட்ஸ். இந்த வேகத்துக்கு 1/50 போதும், ஏனென்றால் 12 துடிப்பு முழுதாக அடங்கிவிடும். ஷட்டரை 1/500, 1/1000 என்று ஏற்றினால்தான் வம்பு. வெளிச்சம் அதிகம் என்றால் ஷட்டரைத் தொடாமல் லென்ஸின் துவாரமான அபெர்ச்சரைச் சுருக்குங்கள் அல்லது ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைக் குறையுங்கள். விளக்கை மங்கவைக்கும் டிம்மர் இருந்தால் முழுதாக ஏற்றச் சொல்லுங்கள். டிம்மரில் மங்க வைத்த எல்.இ.டி.தான் மிக மோசமாகத் துடிக்கும்.

ஏற்கெனவே எடுத்ததை எடிட்டிங்கில் டீஃபிளிக்கர் என்ற துடிப்பு நீக்கும் வசதி கொண்டு ஓரளவு தணிக்கலாம். முகங்களின் மேல் ஓடும் பட்டை முழுதாகப் போகும் என்று நம்பாதீர்கள்.

கேள்வி: தீமிதியை மாலை வெயிலில், ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு எடுத்தேன். பூக்குழியின் கனல் செக்கச்செவேலென்று இல்லாமல் ஊதாவாக இருக்கிறது. கறுப்புக் கால்சட்டைகளும் பழுப்பாகிவிட்டன. நிறச் சமனை, அதாவது ஒயிட் பேலன்ஸை, எவ்வளவு மாற்றியும் சரியாகவில்லை. (வாசகி, குவாத்ர் போர்ன்)

பதில்: ஒயிட் பேலன்ஸால் சரியாகாது, ஏனென்றால் அங்கே பதிவாகியிருப்பது கண்ணால் காண முடியாத ஒளி. கனல் அகச்சிவப்புக் கதிரை அள்ளி வீசுகிறது. சென்சாரின் முன்னால் இருக்கும் தடுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை நிறுத்தினாலும் கொஞ்சம் கசிகிறது. கசிந்தது சிவப்புப் புள்ளிகளோடு நீலப் புள்ளிகளிலும் விழுவதால் கனல் ஊதாவாகிறது. சாதாரண என்.டி. இதைப் பெருக்குகிறது. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்; 6 ஸ்டாப் ஃபில்டர் காணும் ஒளியை 64-ல் ஒரு பங்காக்கும், அகச்சிவப்பையோ பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். நீங்கள் அபெர்ச்சரைத் திறந்து வெளிச்சத்தை ஈடுசெய்யும்போது, உள்ளே வரும் அகச்சிவப்பின் பங்கும் கூடவே ஏறுகிறது. செயற்கை இழைத் துணி பார்வைக்குக் கறுப்பு, அகச்சிவப்பில் பளிச். கால்சட்டை பழுப்பானது அதனால்தான்.

என்.டி.யைக் கழற்றிவிட்டு, அபெர்ச்சரைச் சுருக்கி எடுத்துப் பாருங்கள். என்.டி. இல்லாமல் முடியாது என்றால் அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐ.ஆர்.என்.டி. வகையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது இருப்பதோடு, புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் யூ.வி.-ஐ.ஆர். கட் ஃபில்டரைச் சேர்த்துப் போடுங்கள். அகலக் கோண லென்ஸில் இந்தக் கட் ஃபில்டர் ஓரங்களில் பச்சை சாயலைத் தரக்கூடும். திருநாளுக்கு முந்தின வாரமே அடுப்புக் கரியைக் கனலாக்கி ஒரு நிமிடம் எடுத்துச் சோதித்துவிடுங்கள். பூக்குழி ஆண்டுக்கு ஒரு முறைதான், திருப்பி நடக்கச் சொல்ல முடியாது.

கேள்வி: கல்யாண வீடியோவில் மணப்பெண்ணின் பட்டுப்புடவை மேல் வானவில் போல நெளிகிறது. (வாசகர், போர்ட் லூயிஸ்)

பதில்: முதலில் கோப்பைக் கணினியில் 100 சதவீத அளவில் பாருங்கள். கேமராத் திரை சிறியது, படத்தைச் சுருக்கிக் காட்டும்போதே இந்த நெளிவு தோன்றலாம். கோப்பிலும் இருந்தால் அது மொய்ரே. புடவையின் நெசவு இழை சென்சாரின் புள்ளி அடுக்கோடு மோதுவதால் வருவது. அரை அடி முன்னோ பின்னோ நகருங்கள், அல்லது ஜூமைச் சற்று மாற்றுங்கள். இழையின் அளவு படத்தில் மாறினால் மோதல் கலையும். ஸ்லோமோஷனுக்கான 100 ஃபிரேம் அமைப்பில் பல கேமராக்கள் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிப்பதால், பட்டுக்கு அது ஆகாது. ஃபோகஸ் கண்ணில் நிற்கட்டும், அபெர்ச்சர் எஃப்/2.8-இல் புடவை இலேசாக மென்மையாகிவிடும்.

கேள்வி: இருட்டான காட்சியில் ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி. (வாசகர், திரியோலே)

பதில்: கேமராவைத் திருப்பினாலும் படத்தில் அதே இடத்தில் நின்றால் அது ஹாட் பிக்சல், அதாவது சென்சாரில் ஒளியில்லாமலே ஒளிரும் புள்ளி. ஜனவரி வெக்கையில் நெடுநேரம் எடுத்தால் கூடும். கேமராவை ஆறவிட்டு, லென்ஸ் மூடியைப் போட்டு, மெனுவில், அத்தகைய புள்ளிகளைக் கண்டு மறைக்கும் பிக்சல் மேப்பிங் ஓட்டுங்கள். புள்ளி அல்லாமல் நிறக்கோடு ஒன்று படத்தின் குறுக்கே நிரந்தரமாக நின்றால், கச்சேரி மேடையில் லேசர் சென்சாரைச் சுட்டிருக்கலாம். அதை மேப்பிங் தீர்க்காது, சென்சாரையே மாற்ற வேண்டியிருக்கும். லேசர் உங்கள் பக்கம் வீசும் மேடையில் லென்ஸை அதற்கு நேராக நீட்டாதீர்கள்.