எடிட்டிங், புரூஃப், திருத்தி எழுதுவது எல்லாம் ஒன்றுதானே, எதற்குத் தனித்தனிக் கூலி?

யாரோ உங்களிடம் மூன்றுக்கும் தனித்தனியாக ரேட் சொல்லியிருக்கிறார்கள், அந்த எரிச்சலில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று பதினோரு வருடமாகப் புரூஃப் பார்த்துப் பிழைப்பவள் நான். எனக்கும் கொஞ்சம் எரிகிறது.

முதலில் கேட்டதற்குப் பதில். திருத்தி எழுதுவது எழுதியவரின் வேலை: எதைச் சொல்வது, எதை முன்னால் கொண்டுவருவது, எதைத் தூக்கிப் போடுவது. எடிட்டிங் இன்னொருவர் செய்வது: வாக்கியம் இடறாமல் போகிறதா, ஐந்தாம் பக்கமும் ஐம்பதாம் பக்கமும் ஒன்றையொன்று பொய்யாக்காமல் இருக்கின்றனவா. புரூஃப் கடைசியில் வருவது. லே-அவுட் முடிந்த பக்கத்தில் எழுத்து, ஒற்று, பக்க எண், தலைப்பு, படக்குறிப்பு. இந்த வரிசை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே போதும்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் சுயசரிதை எழுதிக் கொண்டுவந்தார். எல்லாம் கையெழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழக்கம், லை, ணை எல்லாம் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவோடு இருக்கும். டைப் செய்த பெண்ணுக்கு அந்த எழுத்து புரியாமல் அங்கங்கே கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள். அவர் என்னிடம் கேட்டது புரூஃப் மட்டும்தான், காசும் அதற்குத்தான். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே "பணியில் சேர்ந்து பணியாற்றத் தொடங்கினேன்" என்று இருந்தது. "பணியில் சேர்ந்தேன்" என்றால் போதாதா? அடித்தேன். இது எடிட்டிங், என் கணக்கில் வராது. கை சும்மா இருக்கவில்லை.

அப்புறம் ஓர் இடம். ராமநாதபுரம் பக்கத்துப் பள்ளியில் 1964 ஜூனில் சேர்ந்ததாக எழுதிவிட்டு, "சேர்ந்த இரண்டாம் வருடம் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது" என்கிறார். அந்தப் புயல் 1964 டிசம்பரில் அடித்தது. போன் செய்து கேட்டேன். "அதெப்படிம்மா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று கோபித்துக்கொண்டார். மறுநாள் சர்வீஸ் ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு அவரே வந்துவிட்டார். சேர்ந்தது 1963. புயல் சரி, வருடம்தான் தப்பு. எந்த ஸ்பெல்செக்கும் இதைப் பிடிக்காது. ஸ்பெல்செக் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று அடித்தாலே கண்டுகொள்ளாது, இரண்டும் சொல்தானே.

"உ.வே.சா. எல்லாம் ஒரே ஆளாகச் செய்யவில்லையா" என்று யாராவது வருவீர்கள், தெரியும். 1887இல் அவர் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தபோது கையில் இருந்தவை பனையோலை ஏடுகள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, ரகரமும் துணைக்காலும் (ா) ஒரே மாதிரி இருக்கும். எது மூலபாடம் என்று ஏடுகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பதே அங்கே வேலை. அதற்குப் பதிப்பு என்று பெயர். அது வேறு, தயவுசெய்து இதில் கலக்காதீர்கள்.

சரி, நான் செய்த தப்புக்கு வருகிறேன். அவர் மனைவி இறந்ததைப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மூன்றே வரியில் முடித்திருந்தார். பூர்விகக் கதைக்கு முப்பது பக்கம், அந்த அம்மாவுக்கு மூன்று வரி. இரண்டாவது புரூஃபும் முடிந்த பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "சார், அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதலாமே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் பதினாலு பக்கம் கொண்டுவந்தார். புத்தகத்திலேயே அதுதான் நல்ல பகுதி. மூன்று மாதம் முன்னால் வந்திருக்க வேண்டியது.

விழாத் தேதி குறித்தாகிவிட்டது. அவசரமாக டைப் செய்து தனி அத்தியாயமாகச் சேர்த்தார்கள். பின்னால் இருந்த பக்கமெல்லாம் நகர்ந்தது, பொருளடக்கத்தில் எண்கள் தப்பின. அதை மட்டும் சரிபார்த்துக் கொடுத்தேன். புதுப் பதினாலு பக்கத்தை எனக்கு யாரும் அனுப்பவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. அதுவரை செய்த உபரி வேலைக்கே காசு வராத கடுப்பில் இருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

வெளியீட்டு விழாவில் அட்டைப் படம் போட்டவருக்கு, அச்சகக்காரருக்கு, மைக் செட் போட்டவருக்குக்கூடப் பொன்னாடை. நான் ஏழாவது வரிசையில் உட்கார்ந்து காராபூந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நன்றியுரையில் என் பெயர் வரவில்லை. இருபது புத்தகத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன், ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. பிழை வந்தால் மட்டும் "யாருங்க புரூஃப் பார்த்தது?" என்று மேடையிலேயே கேட்பார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

அன்று மண்டபத்திலேயே புத்தகத்தைப் புரட்டினேன். புது அத்தியாயத்தின் தலைப்பு, பக்கத்தின் நடுவில், கொட்டை எழுத்தில்: "என் மணைவி". பொடி எழுத்துப் பிழையைத் தேடும் கண் தலைப்பைத் தாண்டிப் போய்விடும், அதனால்தான் தலைப்புகளைத் தனியாக ஒருமுறை படிப்போம். அன்று படிக்க ஆள் இல்லை.

மற்றவர்கள் "ஒரு எழுத்துதானே" என்றார்கள். சார் ஒன்றும் பேசவில்லை. விற்காமல் இருந்த பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் வைட்னர் வைத்து மூன்று சுழியில் ஒரு சுழியை அழித்திருக்கிறார். என்னிடம் இருப்பதும் அப்படி ஒரு பிரதிதான். அந்த வெள்ளை இப்போது மஞ்சளாகிவிட்டது, அடியில் சுழி லேசாகத் தெரிகிறது.