வட சென்னையில் ஆற்றோரமாக நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் எங்கே போகலாம்?

கேள்வி: வட சென்னையில் ஆற்றை ஒட்டி நடக்கவோ சைக்கிளில் சுற்றவோ நல்ல இடம் உண்டா? எதையெல்லாம் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்?

நடைபாதை, பெஞ்ச், நிழல் எல்லாம் தயாராக இருக்க வேண்டும், குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் மாதவரம் தாவரவியல் பூங்கா போதும். ஆறுதான் வேண்டும் என்றால் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், அதற்குப் பின்னால் விரியும் கழிமுகம், வந்து கலக்கும் பக்கிங்காம் கால்வாய், கரையோரக் கண்டல் (அலையாத்தி) செடிகள் என்று எல்லாம் நடக்கும் தூரத்துக்குள் இருக்கின்றன. பெயர்ப்பலகையோடு போட்ட பாதை எதுவும் இல்லாததால், முன்கூட்டியே திட்டம் போட்டுக்கொண்டு போவது நல்லது.

முதலில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பாருங்கள். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி. மறுநாள் அதே வற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். சென்னைத் துறைமுகத்துக்கான ஓத நேரம் போனிலேயே கிடைக்கும். ஆனால் கழிமுகத்துக்குள் தண்ணீர் திரும்பக் கடலைவிடத் தாமதமாகும். அட்டவணையில் உள்ள வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருந்தால் சேற்றுத்திட்டு வெளியே தெரியத் தொடங்கும். பறவைகள் இரைக்கு இறங்குவது அப்போதுதான். டிசம்பர் முதல் மார்ச் வரை வலசை வந்த உள்ளான்களும் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) இருக்கும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான் மூன்றையும் பைனாகுலர் இல்லாமலே அடையாளம் காணலாம்.

அதே நேரத்தில்தான் கையால் இறால் பிடிப்பவர்களும் தண்ணீரில் இறங்குவார்கள். பனையோலைப் பறியை (மீன்கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் துழாவவிட்டு, விரலில் இறால் தட்டியதும் அமுக்கிப் பறிக்குள் போடுவார்கள். அவர்கள் துழாவும் பக்கம் இறங்கிக் கலக்காதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். மணலில் காயும் வலைமேல் சைக்கிளை ஏற்றாதீர்கள், ஒரு கண்ணி அறுந்தாலும் அவர்களுக்கு அது வேலை. சேறு தாங்குமா என்று தெரியாவிட்டால், "அண்ணே, இந்தப் பக்கம் கால் வைக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேறும் உள்ளே முழங்கால்வரை இழுக்கும்.

நடப்பவர்கள் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூரில் இறங்கி வடக்கே நடந்தால், முகத்துவாரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். சைக்கிள்காரர்களுக்கு இருக்கும் ஒரே பெரிய ஆபத்து எண்ணூர் விரைவுச்சாலையின் கன்டெய்னர் லாரி. திரும்பும்போது அதன் பின்பகுதி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் நுழையாதீர்கள். நின்றிருக்கும் வரிசையையும் உரசிப் போக வேண்டாம், கிளீனர் இறங்கும் இடப்பக்கக் கதவு திடீரென்று திறக்கும். விம்கோ நகர்வரை மெட்ரோவில் மடக்கு சைக்கிளோடு வந்து அங்கிருந்து ஓட்டுவது எவ்வளவோ மேல். விடிந்ததும் கிளம்புங்கள். கோடையில் முற்பகலுக்குப் பிறகு தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும், திரும்பும் வழி முழுக்க முகத்தில் அடிக்கும்.

கரையோரமெல்லாம் சீமைக் கருவேலம். பஞ்சர் ஆகும் என்று எண்ணியே போங்கள். ஒரு ஸ்பேர் டியூப், டயர் லிவர், பம்ப், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். டியூபை மாற்றியதும் மறுபடி காற்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் டயருக்குள்ளேயே நிற்கும் பழைய முள்தான். பருத்தித் துணியை டயரின் உட்புறம் ஒரு சுற்று இழுங்கள், முள்முனை இருந்தால் துணி மாட்டும். அதை வெளிப்பக்கமாகப் பிடுங்குங்கள். பேட்ச் ஒட்டுவதானால் உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பத்து நிமிடத்தில் பிரிந்துவரும்.

வடகிழக்குப் பருவமழையில் பூண்டி ஏரியின் உபரிநீரைத் திறந்தால் அது கொசஸ்தலை வழியாக எண்ணூருக்குத்தான் வரும். புழல் ஏரி உபரிநீரும் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக அதே கழிமுகத்தில் வந்து சேரும். அந்தச் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்துக் காயவைத்து எண்ணெய் விடுங்கள். உப்பும் சாம்பல் தூசும் ஒட்டிய செயினில் கழுவாமல் எண்ணெய் ஊற்றினால் பல்சக்கரம்தான் தேயும். காலில் கருப்புப் பிசுக்கு ஒட்டியிருந்தால் முதலில் தேங்காய் எண்ணெய், பிறகு சோப்பு.