வாசகர் கேள்விகள்: மூடிப்போன சர்வரும் சாக்கு நிறைய சிடியும்

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து சாஃப்ட்வேர்களைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றித்தான். மொபைல், வைஃபை கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: காலேஜ் நாட்களில் சிம்டெல் என்ற தளத்திலிருந்து நிறைய டாஸ் புரோகிராம் இறக்கியிருக்கிறேன். இப்போது தேடினால் தளமே இல்லை. அங்கே இருந்ததெல்லாம் என்ன ஆனது? (மதுரை வாசகர்)

தளம் 2013 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. சரக்கு பெரும்பாலும் தப்பிவிட்டது, அது தப்பிய விதம்தான் சுவாரஸ்யம். 1979 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த ஒரு பெரிய மெஷினின் ஓரத்தில், டாஸுக்கும் முந்தைய சிபி/எம் என்ற இயங்குதளத்தின் புரோகிராம்களைப் போட்டுவைக்கும் சின்ன இடமாகத் தொடங்கியது அது. அங்கே இடம் போனதும் நியூ மெக்சிகோவில் அமெரிக்க ராணுவத்தின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்துக்குக் குடிபோனது. அங்கிருந்த டெக்சிஸ்டம்-20 கம்ப்யூட்டரின் பெயர்தான் சிம்டெல்20. ஏவுகணை சோதிக்கிற இடத்தில், ஊர் உலகத்தில் பொழுதுபோக்குக்காக புரோகிராம் எழுதியவர்களின் சரக்கெல்லாம் குவிந்து கிடந்தது என்றால் இன்றைக்கு நம்புவது கஷ்டம். கீத் பீட்டர்சன் என்பவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து அதைப் பராமரித்தார். 1993-ல் ராணுவம் அந்த மெஷினை நிறுத்தியது. கலிஃபோர்னியாவில் வால்நட் க்ரீக் சிடிராம் என்ற கம்பெனி இடம் கொடுத்தது, அப்புறம் கை மாறி மாறி கடைசியில் மூடுவிழா.

இதற்கு நடுவில் மிச்சிகனின் ஓக்லாந்து பல்கலைக்கழகம், செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முழுப் பிரதிகள் இருந்தன. அந்தப் பிரதிகளும் இன்றைக்கு அங்கே இல்லை. பல்கலைக்கழக சர்வரில் ஒரு பொருள் இருக்கிறது என்றால் அதில் அக்கறை உள்ள ஒரு ஆள் அங்கே வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். அவர் ஓய்வு பெற்றால் முடிந்தது.

காப்பாற்றியது வால்நட் க்ரீக் விற்ற சிடிகள். நெட் இல்லாதவர்களுக்காகவும், போனில் டயல் செய்து நுழைகிற பிபிஎஸ் என்ற தகவல் பலகைகளை நடத்தியவர்களுக்காகவும், சிம்டெல்லில் அன்றைய தேதிக்கு இருந்ததை அப்படியே சிடியில் அச்சடித்து விற்றார்கள். புதுப் பதிப்பு வந்ததும் பழையதை எல்லோரும் ஓரம் கட்டினார்கள். அந்தப் பழையதுதான் இன்றைக்கு விலைமதிப்பில்லாதது, ஏனென்றால் சர்வரில் ஒரு புரோகிராமின் புது வெர்ஷன் வந்தால் பழைய வெர்ஷனை அழித்துவிடுவார்கள், சிடியில் அது அப்படியே இருக்கும். அந்த சிடிகளைத் தேடி எடுத்து வலையேற்றியதில் ஜேசன் ஸ்காட் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய டிஜிட்டல் சரக்கைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஷேர்வேர் (ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் காசு கொடுக்கிற சாஃப்ட்வேர்) சிடிகளுக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. உங்கள் காலேஜ் வருடத்தைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

கே: அப்படியானால் எல்லா சிடியையும் ஒன்றாகக் கொட்டினால் பழைய தளம் திரும்பக் கிடைத்துவிடுமே? (கோவை வாசகர்)

கொட்டுவது ஒரு நாள் வேலை, அதற்குப் பிறகுதான் வேலையே. முதல் தலைவலி பெயர். டாஸ் புரோகிராம்களுக்கு எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து என்று இருந்ததால் சிக்கல் குறைவு. யூனிக்ஸ் இயங்குதளத்தின் சரக்கு என்றால், சிடியில் ஃபைல்களைப் பதியும் பழைய ஐஎஸ்ஓ முறை நீளமான பெயர்களை நறுக்கிவிடும். சில சிடிகளில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் டிரான்ஸ்.டிபிஎல் என்று ஒரு சின்ன ஃபைல் கிடக்கும், குப்பை என்று நினைத்து அழிக்கத் தோன்றும். எந்த நறுக்கிய பெயருக்கு எது முழுப்பெயர் என்பது அதில்தான் இருக்கிறது.

அடுத்தது தேதி. ஒரு ஃபைலை நாலு சர்வர் தாண்டிக் கொண்டுவந்தால் அதன் தேதி நேற்றைய தேதியாகிவிடும். ஆனால் பல ஃபைல்களை இறுக்கிக் கட்டிய ஜிப்புக்குள் இருக்கிற ஃபைல்களின் தேதி அப்படியே உள்ளேயே உறைந்திருக்கும். அதைப் பார்த்து வெளித் தேதியைச் சரி செய்யலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் ஜிப்பிலேயே இருப்பதால், முப்பது வருடத்தில் எந்த இடத்தில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் சோதனைக் கட்டளை கொடுத்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபைல்_ஐடி.டிஸ். பிபிஎஸ் காலத்தில் ஒவ்வொரு ஜிப்புக்குள்ளும் இந்தப் பெயரில் ஒரு குறிப்பு வைப்பார்கள். 10 வரி, வரிக்கு 45 எழுத்து, அதற்குள் புரோகிராம் என்ன செய்யும், என்ன வெர்ஷன் என்று சொல்லி முடிக்க வேண்டும். பிபிஎஸ் மென்பொருள் ஜிப்பைப் பிரித்து அதை மட்டும் எடுத்துப் பட்டியலில் போட்டுக்கொள்ளும். இன்றைக்கு ஒரு தளத்தின் பட்டியல் முழுக்கத் தொலைந்துபோனாலும், ஜிப்களுக்குள்ளிருந்து இந்தக் குறிப்புகளை உருவிப் பட்டியலைத் திரும்பத் தயார் செய்துவிடலாம். எழுதிய ஆள் போய்ச் சேர்ந்திருக்கலாம், அவர் எழுதிய அறிமுகம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். திரும்பக் கட்டுகிறவர்கள் பழைய ஜிப்பைப் பிரித்து, புது முறையில் இறுக்கி, பெயரை அழகாக்கி வைப்பதைப் பார்த்தால் கோபம் வரும். மூல ஃபைலைத் தொடாதீர்கள். உங்கள் அழகுவேலை எல்லாம் பக்கத்தில் தனி ஃபோல்டரில் இருக்கட்டும்.

கே: இவ்வளவு மெனக்கெட்டு, அந்தப் புரோகிராம்களை இனி யார் ஓட்டப் போகிறார்கள்? (சேலம் வாசகர்)

அந்தக் காலத்து வேர்ட்ஸ்டாரில் டைப் செய்த உங்கள் பழைய ஃபைல் ஒன்றைத் திறக்க வேண்டிய நாள் வரும்போது நீங்களே ஓட்டுவீர்கள்.

கே: அப்பாவின் பீரோவில் 3.5 இன்ச் ஃப்ளாப்பி இரண்டு பெட்டி இருக்கிறது. அவர் தமிழில் டைப் செய்த கட்டுரைகளும், சில பழைய தமிழ் சாஃப்ட்வேரும் இருக்கலாம். யூஎஸ்பி டிரைவ் வாங்கிப் போட்டுப் பார்க்கட்டுமா? (நாகர்கோவில் வாசகி)

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. முதலில் உலோக மூடியை மெல்லத் தள்ளி, உள்ளே இருக்கும் வட்டத்தை வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் ஊர் ஈரக் காற்றுக்குப் பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையாகப் படலம் தெரிந்தால் டிரைவில் போடவே போடாதீர்கள். ஃப்ளாப்பியும் கீறும், டிரைவின் தலையும் கெடும், அதே தலை அடுத்த ஃப்ளாப்பியையும் கீறும். அதைத் தனியே ஒதுக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்லதாகத் தெரிகிறவற்றில், மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கட்டையைத் தள்ளி ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள், அப்போதுதான் யாரும் அதில் எழுத முடியாது. பார்க்கத்தானே போகிறோம், எழுதவா போகிறோம் என்று கேட்கலாம். விண்டோஸ் 95 கேட்காமலே எழுதும். ஃப்ளாப்பியின் முதல் செக்டரில் எட்டு எழுத்துக்கு ஒரு இடம் உண்டு, எந்த கம்பெனி ஃபார்மேட் செய்தது என்று அதில் இருக்கும். எழுதத் தடை போடாத ஃப்ளாப்பியைச் செருகினால் அதை அழித்துவிட்டு, கடைசி மூன்று எழுத்து ‘ஐஎச்சி’ என்று முடிகிற தன் அடையாளத்தைப் போட்டுவிடும். ஒரே சாஃப்ட்வேரின் இரண்டு அசல் ஃப்ளாப்பிகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் கடைசியில் கண்டுபிடிப்பது பல நேரம் இந்த மூன்று எழுத்தைத்தான்.

ஃபைல்களை ஒவ்வொன்றாக காப்பி செய்யாமல் முழு ஃப்ளாப்பியையும் ஒரே இமேஜாக, அதாவது அப்படியே ஒரு ஃபைலாக, எடுங்கள். 720 கேபி, 1.44 எம்பி பிசி ஃப்ளாப்பிகளுக்கு யூஎஸ்பி டிரைவ் போதும். படிக்காமல் முரண்டு பிடித்தாலோ, காப்பி பண்ண முடியாதபடி பூட்டியிருந்தாலோ, பழைய மேக் ஃப்ளாப்பியாக இருந்தாலோ கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு இருக்கிறது. அது பைட்டுகளைப் படிப்பதில்லை, காந்தம் திசை மாறுகிற ஒவ்வொரு இடத்தையும் நேரக் கணக்கோடு பதிவு செய்கிறது. அர்த்தம் கண்டுபிடிக்கிற வேலையைப் பிறகு நிதானமாக சாஃப்ட்வேரில் செய்துகொள்ளலாம். நம்பிக்கை இழக்க வேண்டாம். ஜோர்டன் மெக்னர் 1989-ல் எழுதிய பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா விளையாட்டின் மூல நிரல் காணாமல் போய், 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியிலிருந்துதான் கிடைத்தது. 23 வருடத்து ஃப்ளாப்பி படித்தது.

கட்டுரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டில் டாப், டாம் என்ற எழுத்து முறைகளை அறிவிக்கும் வரை, ஏன் அதற்குப் பிறகும்கூட, எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்கிற குறியேற்றம் ஆளாளுக்கு ஒன்றுதான். அந்த ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் வெறும் கிறுக்கல் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே பெட்டியில் ஏதாவது ஒரு ஃப்ளாப்பியில் ஃபாண்ட் இருக்கும், அதைக் கட்டுரையோடு சேர்த்தே வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் மூலத்தை அழிக்க வேண்டாம்.

கே: கம்பெனியே இழுத்து மூடிவிட்டது. அதன் சாஃப்ட்வேரை வலையில் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? (திருச்சி வாசகர்)

கம்பெனி செத்தாலும் காப்புரிமை (காப்பிரைட்) சாவதில்லை, யாராவது ஒருவர் வாங்கியிருப்பார். ‘அபாண்டன்வேர்’ (கைவிடப்பட்ட சாஃப்ட்வேர்) என்பது ரசிகர்கள் வைத்த பெயர், சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாக வாங்கியவர் தொலைந்துபோகாமல் இருக்க பேக்கப் எடுக்கலாம் என்கிறது, ஊருக்கே விநியோகிக்கலாம் என்று சொல்லவில்லை.

கேட்டு வாங்குவதும் நடக்கிற காரியம்தான். கேரி கில்டால் எழுதிய சிபி/எம், அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியிடமிருந்து நோவெல், கால்டெரா என்று கை மாறியது. டிம் ஓல்ம்ஸ்டெட் என்ற ஆர்வலர் விடாமல் கேட்டு, தன் தளத்தில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். 2001-ல் அவர் இறந்துவிட்டார். அந்த அனுமதி அந்த ஒரு தளத்துக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்ற சந்தேகம் 20 வருடத்துக்கு மேல் இழுத்தது. 2022-ல் உரிமை வைத்திருந்த பிரையன் ஸ்பார்க்ஸ் எல்லோருக்கும்தான் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நிம்மதி. அதனால் அனுமதி கேட்கிறவர்கள் தங்கள் தளத்தின் பெயரை மட்டும் போட்டுக் கேட்காதீர்கள்.

கே: பழைய ஜிப் ஒன்றை இறக்கியதும் ஆன்டிவைரஸ் கத்துகிறது. நிஜ வைரஸா? (ஈரோடு வாசகர்)

இரண்டு மாதிரியும் உண்டு. பழைய தன்னைத்தானே இறுக்கிக்கொண்ட புரோகிராம்களைப் பார்த்தாலே சில ஆன்டிவைரஸ் பயந்துவிடும். நிஜமாகவே இருந்தாலும் அது டாஸ் வைரஸ், இன்றைய கம்ப்யூட்டரில் டாஸைப் போல நடிக்கிற டாஸ்பாக்ஸுக்குள் ஓட்டினால் அதற்கு நீங்கள் கொடுத்த ஃபோல்டரைத் தாண்டாது. அதனால் உங்கள் போட்டோ இருக்கிற ஃபோல்டரைக் கொடுத்துவைக்காதீர்கள்.

கே: எல்லோரும் இன்டர்நெட் ஆர்க்கைவையே கை காட்டுகிறீர்கள். அதுவே விழுந்தால்? (சிங்கப்பூர் வாசகர்)

விழுந்தது. 2024 அக்டோபரில் ஹேக்கர்கள் புகுந்து 3 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரம் போனது, தளம் பல நாள் முடங்கி, முதலில் படிக்க மட்டும் என்ற அளவில் திரும்பி வந்தது. ஒரே ஆலமரத்தில் எல்லாப் பறவையும் கூடு கட்டியிருக்கிற நிலைமை எனக்கும் பிடிக்கவில்லை. அதே வருடம் ஏப்ரல் 15-ல், ஓஎஸ்/2 என்ற பழைய இயங்குதளத்தின் சாஃப்ட்வேர்களுக்கான ஹாப்ஸ் சேமிப்பை நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் நிறுத்தியது. ஆனால் சில மாதம் முன்பே சொல்லிவிட்டார்கள், அதற்குள் ஆர்வலர்கள் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். சொல்லிவிட்டு மூடுகிறவர்களைக் கும்பிடலாம்.

நீங்கள் செய்யக்கூடியது: உங்களுக்குப் பிடித்த ஒரு மூலையை மட்டும், ஒரு மெஷினோ ஒரு மொழியோ, முழுசாக இறக்கி ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்களின் பட்டியலோடு வைத்துக்கொள்ளுங்கள். டாஸ் காலத்து சரக்கில், மொத்தமும் சேர்ந்தாலும் இன்றைய ஒரு சினிமா ஃபைல் அளவுக்குக்கூட வராத தொகுப்புகள் நிறைய உண்டு. பலருடைய கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பகிர்ந்து இறக்கும் டோரன்ட்டும் ஆர்க்கைவ் தருகிறது, நேரம் இருக்கும்போது ஓடவிடுங்கள்.

கே: பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சிடிகள் ஒரு சாக்கு இருக்கிறது. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடவா? (விழுப்புரம் வாசகர்)

ஐயோ, வேண்டாம். இந்தியப் பத்திரிகை சிடிகள் வெளிநாட்டு சிடிகள் அளவுக்கு வலையேறவில்லை. முதலில் பெயரும் மாதமும் போட்டு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சிடி முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுங்கள், படிக்க முரண்டு பிடிப்பவற்றுக்கு டிடிரெஸ்க்யூ என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. லேபிள், உறை, அந்த மாதப் பத்திரிகையில் சிடியைப் பற்றி வந்த பக்கம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். லேபிள் பக்கம் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டேட்டா அந்த வண்ணத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறது, பளபளக்கிற பக்கத்துக் கீறலையாவது தேய்த்துச் சரி செய்யலாம். வீட்டில் எரித்த சிடி ஏதாவது நடுவில் இருந்தால் அதை முதலில் எடுங்கள், அச்சடித்ததை விட அது சீக்கிரம் போகும். பேப்பர்காரரும் சிடிக்குக் காசு தரமாட்டார், சாக்குக்கு வேண்டுமானால் தருவார்.