கிட்டிக்காரர்னா யாரு?

கேள்வி: எங்க பாட்டா பழைய வயக்காட்டுக் கதை சொல்லும்போது "கிட்டிக்காரரு வந்தாத்தான் கருது களத்துக்கு வரும்"னு சொல்லுவாரு. கிட்டின்னா என்ன, அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு?
– ஒரு வாசகர், பூதப்பாண்டி

பதில்: வயல்ல எலி பிடிக்கிறவரத்தான் பாட்டா சொல்லியிருக்காரு. கிட்டின்னா மூங்கில் பொறி, முழுசா எலிக்கிட்டி, தஞ்சாவூர் பக்கம் இப்பவும் இந்தப் பேரு உண்டு. மூங்கில் சிம்ப வில்லு மாதிரி வளைச்சு கயிறு கட்டி இரை வச்சிருப்பாங்க, எலி இரையத் தொட்டு இழுத்ததும் வில்லு படார்னு நிமிந்து கயிறு கழுத்த இறுக்கிடும். பொழுது சாயும்போ வரப்போரம் எலித்தடம் பாத்து வச்சுட்டு விடியக்காலம் வந்து எடுக்கணும்.

கிட்டுன்னா கிடைக்கிறது, நெருங்குறதுன்னுதான் சட்டுனு தோணும், ஆனா ரெண்டு பக்கமும் நெருங்கி இறுகிப்போறதும் கிட்டுறதுதான். ஜன்னி வந்த பிள்ளைக்கு "பல்லு கிட்டிப் போச்சு"ன்னு சொல்லுதோம்லா, அதே கிட்டுதான்! இறுக்குற கருவி கிட்டி, அத வைக்கிறவரு கிட்டிக்காரரு. வலைக்காரர்னு சொல்ற மாதிரி, பிடிக்கிற பிராணிய விட்டுட்டு கையில இருக்க சாமானத்த வச்சு வந்த பேரு.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அத எழுதவே மனசு கனக்குது. சென்னை மாகாணத்துல வரி வசூலிக்கிறதுக்காக நடந்த சித்திரவதைய விசாரிச்ச கமிஷனோட 1855 அறிக்கையிலயும் கிட்டி வருது. ஒரு முனையில சேத்துக் கட்டின ரெண்டு கம்பு, நடுவுல ஆளோட விரல வச்சு எலுமிச்சம்பழம் பிழியிற மாதிரி நெரிப்பாங்க. நம்ம பக்கம் அப்போ திருவிதாங்கூர்ல இருந்துச்சு, இது அந்தப் பக்கத்துக் கதை, ஆனாலும் பயிரக் காப்பாத்துற சாமானுக்கும் பயிர் வச்சவன் விரல நசுக்கின சாமானுக்கும் ஒரே பேருன்னு நினைக்கும்போ தாங்க முடியல.

வயல் எலி தின்னுறது மட்டும் இல்ல, கதிர நறுக்கிக் கொண்டுபோய் வளைக்குள்ள சேத்தும் வைக்கும், அதான் பாட்டா அப்படிச் சொல்லியிருக்காரு. இப்போ சிங்க் பாஸ்பைடு மாதிரி விஷ மருந்து கடையிலயே கிடைக்குது. விஷம் தின்ன எலியத் தின்னா நாய்க்கும் ஆந்தைக்கும் ஆபத்து, கிட்டியில அந்தப் பயம் கிடையாது, எனக்கு அதுமேல மதிப்பு வர்றதே அதனாலதான். பாட்டாகிட்ட இன்னொண்ணும் கேளுங்க, நம்ம பக்கத்து ரெண்டு நெல் போகத்துல கிட்டிக்காரரு வந்தது கன்னிப்பூவுக்கா கும்பப்பூவுக்கா, கூலி பணமா நெல்லான்னு. கேட்டுட்டு எங்களுக்கு எழுதிப் போடுங்க.