இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 101-வது வான்வழி டிவிஷனை எடுத்த புகைப்படங்களில் எது எங்கே, எப்போது எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் மூன்று படங்களைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். முகத்தில் கரி பூசிய வீரர்களுடன் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் ஐசனோவர் பேசும் படம். நடுவில் ஒரு வரி முடியை மட்டும் விட்டுத் தலையைச் சிரைத்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவர் முகத்தில் வெள்ளைச் சாயம் தீட்டும் படம். பகல் வெளிச்சத்தில் வானம் முழுக்கப் பாராசூட் இறங்கும் படம். மூன்றுமே "டி-டே, ஈசி கம்பெனி" என்ற ஒரே தலைப்பில் சுற்றுகின்றன, நம்பலாமா என்பது கேள்வி. டி-டே என்பது நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கிய 1944 ஜூன் 6.

முதல் இரண்டும் 1944 ஜூன் 5-ஆம் தேதி எடுத்தவை. ஆனால் இரண்டிலும் இருப்பது "பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்" தொலைக்காட்சித் தொடரால் பிரபலமான அந்த ஈசி கம்பெனி இல்லை. மூன்றாவது படம் நார்மண்டியில் 101-வது டிவிஷன் குதித்த படமாக இருக்கவே முடியாது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். 101-வது டிவிஷனின் பாராசூட் வீரர்கள் நார்மண்டியில் குதித்தது ஜூன் 6 நள்ளிரவு தாண்டிய இருட்டில். அதை வானிலிருந்தோ தரையிலிருந்தோ தெளிவாகப் படம் பிடிக்க வழியே இல்லை. அதனால் பகலில் பாராசூட் இறங்கும் படத்துக்கு "டி-டே" என்று தலைப்பு இருந்தால் பயிற்சிப் படமா, 1944 செப்டம்பர் 17 ஹாலந்து நடவடிக்கையா, 1945 மார்ச் 24 ரைன் நதி கடந்த நாளா என்று பாருங்கள். ரைனில் குதித்தது அமெரிக்க 17-வது டிவிஷனும் பிரிட்டிஷ் 6-வது டிவிஷனும்; 101-வது அங்கே இல்லை. ஹாலந்தில் குதித்தது ஞாயிற்றுக்கிழமை பகல் பொழுது. அதனால்தான் அந்த நாளுக்கு இவ்வளவு படங்கள் இருக்கின்றன.

விமானம் தெரிந்தால் இன்னும் சுலபம். வீரர்களை ஏற்றிப்போன சி-47 விமானங்களுக்கு நார்மண்டிக்கு ஓரிரு நாள் முன்பு கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்தார்கள்: மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு, ஒவ்வொன்றும் 24 அங்குல அகலம். இறக்கையையும் உடலையும் முழுதாகச் சுற்றிப் பட்டை இருந்தால் 1944 ஜூன் பக்கம். அதற்குப் பிறகு மேல்பக்கப் பட்டைகளை அழித்துவிட்டார்கள். செப்டம்பரில் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அடுத்து ஹெல்மெட். எந்தப் பிரிவு என்று தெரிய இதைவிட நல்ல இடம் கிடையாது. டிவிஷனுக்குள் ரெஜிமென்ட், அதற்குள் பட்டாலியன், அதற்குள் கம்பெனி என்று பிரிவுகள். 101-வது டிவிஷனில் ஹெல்மெட்டின் இரு பக்கமும் வெள்ளைச் சாயத்தில் சீட்டுக்கட்டுக் குறி போட்டிருப்பார்கள். ஸ்பேட் என்றால் 506-வது பாராசூட் ரெஜிமென்ட், ஹார்ட் 502, டைமண்ட் 501, கிளாவர் 327-வது கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானத்தில் இறங்கும்) ரெஜிமென்ட். பீரங்கிப் படைக்கு வட்டம், டிவிஷன் தலைமையகத்துக்குச் சதுரம். அந்தக் குறியை ஒட்டி ஒரு சின்னக் கோடு இருக்கும். அதைக் கடிகார முள்ளாக எண்ணிப் படியுங்கள்: 12 மணி இடத்தில் இருந்தால் ரெஜிமென்ட் தலைமையகம், 3 மணி முதல் பட்டாலியன், 6 மணி இரண்டாவது, 9 மணி மூன்றாவது. ஹெல்மெட்டின் பின்பக்கம் நெட்டுக்குத்தாக வெள்ளைக் கோடு இருந்தால் அதிகாரி, படுக்கையாக இருந்தால் சார்ஜென்ட் வகை.

இதைப் பார்க்க வாட்ஸ்அப்பில் வந்த படம் போதாது. சுருக்கிய ஜேபெக்கில் கோடு கரைந்துபோய் ஸ்பேடும் ஹார்ட்டும் ஒரே வெள்ளைப் பொட்டாகத்தான் தெரியும். வலை போட்ட ஹெல்மெட்டில் கோடு பாதி மறைந்திருக்கும். அப்போது அதே ஆளின் வேறு படம் கிடைக்கும்வரை பட்டாலியனை எழுதாமல் விடுவது நல்லது.

இப்போது ஐசனோவர் படம். இடம் இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் விமானத்தளம், நேரம் மாலை எட்டரை மணி வாக்கில். "எட்டரைக்கு இவ்வளவு வெளிச்சமா, போலிப் படம்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். 1944 கோடையில் இங்கிலாந்து கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓடியது. ஜூன் மாதம் சூரியன் மறையவே பத்து மணி ஆகும். எதிரே நிற்பவர் லெப்டினன்ட் வாலஸ் ஸ்ட்ரோபெல். கழுத்தில் தொங்கும் 23 என்ற அட்டை அவர் குதிப்பு மேற்பார்வையாளராக இருந்த விமானத்தின் எண். அவர் இருந்தது 502-வது ரெஜிமென்டின் ஈ கம்பெனி. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு ரெஜிமென்டிலும் ஒரு ஈ கம்பெனி உண்டு, எல்லாவற்றையும் "ஈசி" என்றுதான் சொல்வார்கள். தொடரில் வரும் ஈசி 506-ஐச் சேர்ந்தது. அவர்கள் அன்று இரவு கிளம்பியது அப்போட்டரி தளத்திலிருந்து. ஐசனோவர் அவர்களோடு பேசும் படம் இது என்று எழுதியவர் யாராக இருந்தாலும் ஹெல்மெட்டைப் பார்க்கவில்லை.

அதே படத்தின் அதிகாரபூர்வக் குறிப்பில் ஐசனோவர் "முழு வெற்றி, வேறெதுவும் வேண்டாம்" என்று அன்றைய நாளுக்கான உத்தரவைச் சொல்வதாக இருக்கிறது. ஸ்ட்ரோபெல் பின்னாளில் சொன்னது வேறு: ஜெனரல் பெயரைக் கேட்டார், எந்த மாநிலம் என்றார், மிச்சிகன் என்றதும் மீன்பிடிப்பைப் பற்றிப் பேசினார். படக்குறிப்பு எழுதியவர்கள் பத்திரிகைக்குத் தேவையானதை எழுதினார்கள். ராணுவ முத்திரை இருக்கிறது என்பதற்காக ஒரு குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தேதியையும் இடத்தையும் ஓரளவு நம்பலாம், பேச்சையும் மனநிலையையும் நம்பவே வேண்டாம்.

சாயம் பூசும் படத்தில் இருப்பவர்கள் கிளாரன்ஸ் வேர், சார்லஸ் ப்ளாடோ. 506-வது ரெஜிமென்ட் தலைமையகக் கம்பெனியின் வெடிமருந்துப் பிரிவு, "ஃபில்தி தர்ட்டீன்" என்று பெயர் எடுத்த கூட்டம். விமானத்துக்குப் பட்டை அடித்து மிஞ்சிய சாயம்தான் முகத்துக்குப் போனது. 506 என்பது சரி, ஈசி கம்பெனி என்பது தவறு.

இந்த இரண்டு படங்களின் சில பிரதிகளிலும் இடது தோள் சின்னம் அழிந்திருக்கும். அது பழுது இல்லை. எந்த டிவிஷன் எங்கே இருக்கிறது என்று ஜெர்மானியருக்குத் தெரியாமலிருக்கத் தணிக்கையாளர்கள் 101-வது டிவிஷனின் கழுகுச் சின்னத்தைச் சுரண்டினார்கள், அல்லது மேலே மை பூசினார்கள். ஐசனோவர் படம் கழுகு தெரியும்படியும் தெரியாதபடியும் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. சுரண்டிய பிரதிதான் பெரும்பாலும் அன்றைய பத்திரிகைக்குப் போனது. சின்னம் இல்லாததை வைத்து "இது 101 இல்லை" என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அதைவிட மோசமானது கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பிய படம். நெகட்டிவைப் பக்கம் மாற்றி வைத்து அச்சிட்டாலோ, இணையத்தில் யாராவது பதிப்புரிமைத் தேடலைத் தப்பிக்கத் திருப்பிப்போட்டாலோ, ஸ்பேடும் ஹார்ட்டும் டைமண்டும் மாறாமல் அப்படியே இருக்கும், ஏனென்றால் இரு பாதியும் சமம். ஆனால் பக்கத்திலுள்ள கோடு 3 மணியிலிருந்து 9 மணிக்குப் போய்விடும். முதல் பட்டாலியன் ஆள் மூன்றாவது பட்டாலியன் ஆளாகிவிடுவார். அதனால் பட்டாலியனை எழுதுமுன் மூன்று இடத்தைப் பாருங்கள்: டிவிஷன் சின்னம் இடது தோளில் இருக்க வேண்டும், கழுகின் அலகு ஆள் முன்னோக்கிப் பார்க்கும் திசையில் இருக்க வேண்டும், எம்-1 ரைபிளின் இழுப்புப் பிடி வலப்பக்கம் இருக்க வேண்டும். தணிக்கை செய்த படத்தில் முதல் இரண்டும் உதவாது, ரைபிள் ஒன்றுதான் துணை. சுவரில் எழுத்தோ விமான எண்ணோ இருந்தால் வேலை மிச்சம்.

தேதிக்கு உடை. நார்மண்டியில் எம்-42 குதிப்பு உடை. காக்கி நிறம், மார்புப் பைகள் சாய்வாக இருக்கும், கறுப்பு வெள்ளையில் வெளுத்துத் தெரியும். முழங்கை, முழங்கால் பகுதிகளில் தடித்த கித்தான் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்திருப்பார்கள். அந்த ஒட்டு மற்ற துணியைவிட இருட்டாகத் தெரியும். செப்டம்பரில் ஹாலந்துக்குப் போகும்போது பெரும்பாலோருக்கு எம்-43: கரும்பச்சை, படத்தில் இருண்ட சீரான நிறம், பைகள் நேராக இருக்கும். பழைய எம்-42-ஐ விடாமல் போட்டுக்கொண்டவர்கள் ஹாலந்திலும் உண்டு. ஆகவே எம்-43 இருந்தால் நார்மண்டி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். எம்-42 இருந்தால் நார்மண்டிதான் என்று சொல்ல முடியாது. நிறமேற்றிய படங்களில் எம்-42-க்குப் பச்சை அடித்துவைக்கிறார்கள், அவற்றை ஆதாரமாக எடுக்காதீர்கள். உடையில் கையால் பச்சைத் திட்டுகள் பூசி, சி-47 முன் விமானிகளோடு சேர்ந்து குழுவாக நின்றால் அது முன்கூட்டியே குதித்து வழிகாட்டிய பாத்ஃபைண்டர் அணி; நார்த் விட்டம் தளத்தில் எடுத்த வரிசை.

பெல்ஜியத்தின் பஸ்தோன் ஊர்ப் படங்களில் வரும் அபத்தம் தனி ரகம். 1944 டிசம்பரில் 101-வது டிவிஷன் அங்கே லாரியில் போய் இறங்கியது; 23-ஆம் தேதி விமானங்களுக்கு வழிகாட்டக் குதித்த சின்னப் பாத்ஃபைண்டர் அணியைத் தவிர யாரும் குதிக்கவில்லை. பஸ்தோன் வானத்தில் பாராசூட் தெரிந்தால் அது பெரும்பாலும் 23-ஆம் தேதி முதல் சி-47-கள் போட்ட குண்டு, மருந்து, உணவு. 19-ஆம் தேதி ஊருக்குள் நுழையும்போது மூடுபனியும் சேறும்தான், கனத்த பனி பிறகு வந்தது. வெள்ளை மறைப்பு உடை ஓரம் கிழிந்து, அளவில்லாமல் தொங்கினால் சந்தேகப்பட வேண்டாம். அவை ஊர்மக்கள் கொடுத்த படுக்கை விரிப்புகள்.

இடத்தை உறுதிசெய்யக் கட்டடம் போதும். 506-இன் ஈசி கம்பெனிக்குத் தலைமை தாங்கிய ரிச்சர்ட் வின்டர்ஸ் செங்கல் வளைவின் கீழ் நிற்கும் படத்தை நார்மண்டி என்று போடுகிறார்கள். அது ஹாலந்தின் ஸ்கூன்டர்லோக்ட் பண்ணை, 1944 அக்டோபர், டிவிஷனின் சொந்தப் புகைப்படக்காரர் அல் க்ரோச்கா எடுத்தது. வளைவின் செங்கல் அடுக்கையும் சன்னல் இடத்தையும் இன்றைய படத்தோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிட வேலை.

மூலப் படத்துக்கு: ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல் கோர் எடுத்தவற்றுக்கு "எஸ்.சி." என்று தொடங்கும் எண் இருக்கும், பெரும்பாலும் படத்தின் ஓரத்திலோ பின்பக்கத்திலோ. இந்தத் தொகுப்பு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில், 111-வது ஆவணத் தொகுதியாக இருக்கிறது. காப்பகத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எண் இல்லையென்றால் படத்தை வைத்துத் தேடி, கிடைப்பதில் மிகப் பெரிய அளவை எடுங்கள், மிகப் பழைய பதிவின் குறிப்பைப் படியுங்கள். அரசு ஊழியர் பணியில் எடுத்த படம் என்பதால் அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. செய்தி நிறுவனப் படங்களுக்கும் வீரர்கள் சொந்தக் கேமராவில் எடுத்தவற்றுக்கும் இது பொருந்தாது.

காசு கொடுத்து அசல் பிரிண்ட் வாங்குவதாக இருந்தால் மட்டும் இன்னொன்று. இருட்டறையில் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அது புகைப்படக் காகிதத்தில் 1950-களை ஒட்டி வந்தது, ஆகவே போர்க்காலப் பிரிண்ட் இல்லை. ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, ஏனென்றால் வெண்மையூட்டி இல்லாத காகிதம் பிறகும் விற்றது. பிளாஸ்டிக் பூச்சு போல வழவழவென்று இருந்தாலும் வேண்டாம். பின்பக்கம் ஜெர்மன் காகித நிறுவனப் பெயர் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 1945 மே மாதம் ஜெர்மனியின் பெர்ஹ்டெஸ்காடன் பக்கம் இருந்த 101-வது டிவிஷன் வீரர்கள் படத்தை அங்கேயே கழுவியிருக்க வாய்ப்பு உண்டு. விற்பவர் பின்பக்கப் படத்தை அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள்.