மூன்று நாவல், மூன்று வகை: வேலையை விடலாமா?

துப்பறியும் நாவல், காதல் கதை, பேய்க்கதை என்று மூன்றைக் கிண்டிலில் போட்டும் கைச்செலவுக்குக்கூடத் தேறவில்லை, வேலையை விட்டு முழுநேரம் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். நேரக் குறைவல்ல உங்கள் சிக்கல்.

துப்பறியும் கதைப் பிரியர் முதல் அத்தியாயத்திலேயே பிணத்தைத் தேடுவார். காதல் கதை படிப்பவருக்கோ கடைசியில் இருவரும் சேர்ந்தாக வேண்டும். உங்கள் கொலைக்கதையை ஒரே மூச்சில் முடித்தவர் அடுத்ததைத் தேடி வந்தால், அங்கே இருவர் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். போய்விடுவார். அதே துப்பறிவாளரை வைத்து இன்னும் இரண்டு எழுதுங்கள். தொடரில் முதல் புத்தகம் ஆளைக் கூட்டி வரும்; காசு அடுத்தடுத்தவற்றில்தான்.

விலையையும் பாருங்கள். கிண்டில் ராயல்டி, அதாவது விலையில் உங்கள் பங்கு, 35 அல்லது 70 சதவீதம். மிக மலிவாக வைத்தால் 35தான். வாசகர் மாதச் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்த்தால் படித்த பக்கங்களுக்குப் பணம் வரும், ஆனால் அந்த மின்னூலை 90 நாள்களுக்கு வேறெங்கும் விற்கக் கூடாது. பாதியில் மூடப்படும் கதைக்குப் பாதிக் கூலி!

காதல் கதைக்கு வேறு புனைபெயர் வையுங்கள். நானும் அப்படித்தான், அந்தப் பெயரை வீட்டில்கூடச் சொல்லவில்லை.