மலை சைக்கிள் எதற்கு?

கேள்வி: வயது 51. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிப் பழக்கம். இப்போது ஞாயிறு அதிகாலையிலும் கார்களின் சீற்றம் தாங்கவில்லை. இனி கிராமத்துச் சாலை, ஏரிக்கரை என்று போக ஆசை. முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வைத்த மலை சைக்கிள் இல்லாமல் முடியாது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- ஒரு வாசகர், கிழக்குத் தாம்பரம்

பதில்: எந்த மலையில் ஏறப் போகிறீர்கள் என்று அவரிடம் கேட்டிருக்கலாம்! செங்கல்பட்டைத் தாண்டினால் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சமதரைத் தடங்கள்தான். மலிவான ஷாக் அப்சார்பரால் எடைதான் கூடும். உங்கள் பழைய சைக்கிளில் 35 அல்லது 38 மில்லிமீட்டர் டயர் நுழையுமா என்று முதலில் பாருங்கள். நுழைந்தால் அதுவே போதும். காற்று 45 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கட்டும். நெடுஞ்சாலைக்காக 90, 100 என்று அடைத்த கையோடு செம்மண்ணில் இறங்கினால் மணிக்கட்டு வலிக்கும், மணலில் சக்கரமும் வழுக்கும்.

மேடு பள்ளத்தைவிட நான் அஞ்சுவது சீமைக்கருவேல முள்ளுக்குத்தான். வயலோரம் வெட்டிப் போட்ட கிளை ஒன்று போதும், இரண்டு சக்கரமும் போய்விடும். நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். அதைத் தேடிப் பிடுங்காமல் புது ட்யூப் மாட்டினால் அதுவும் பஞ்சர்தான். உங்கள் ட்யூப்பில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் ஒரு பித்தளை அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால் ஊர்ப்புற மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடையிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம்.

முதல் பயணத்துக்கு வேடந்தாங்கல் பக்கம் போங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் மிதிக்க வேண்டாம்; படாளம் வரை காரில் கட்டிக்கொண்டு போய், அங்கே வலப்புறம் பிரியும் சாலையில் இறக்குங்கள். பறவைகளைப் பார்த்த பிறகும் கால் தெம்பாக இருந்தால் கரிக்கிலி, அதற்கும் மேல் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மணி அடித்துப் பயனில்லை, ஒதுங்கித்தான் போக வேண்டும். அது விவசாயிகளின் களம்.

ஒன்றில் மட்டும் நான் கறார். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த ஏரிக்கரைமேல் ஓட்டாதீர்கள். டயர் பதித்த பள்ளம் வழியே மழைநீர் ஓடிக் கரையை அரிக்கும். மதகை நம்பி விதைத்தவர்கள் கீழே இருக்கிறார்கள். காயட்டும், பிறகு போகலாம்.

கேள்வி: கிராமங்களில் நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கலாமா?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: வேண்டாம் அம்மா, ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, அதட்டிக்கொண்டே மெதுவாக நடங்கள். பெரும்பாலும் அதன் தெரு முடிந்ததும் நின்றுவிடும். பல் பட்டுவிட்டால் பயணத்தை அங்கேயே முடியுங்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.